அரைப்பங்கு, முழுப்பங்கு

(பி.ஏ. வரலாறு, 1970–73)



மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்த தம்பி, "சார், நீங்க ஹிஸ்டரி ஆளாச்சே! கேன்டீன், கிரிக்கெட் எல்லாம் மற்றவங்க எழுதிட்டாங்க. நீங்க ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டார். துய்ப்ளேக்சைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றியும் எழுத நம்மிடையே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒரு மீன்பிடி ஊரின் சரித்திரம். அதிலும் ஒரு சின்ன மூலை. ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்தானோ, அதைப் பொறுத்து அவன் எத்தனை வயதில், எந்த வழியாக, யார் கண்ணில் 'பெரிய ஆள்' ஆனான் என்பதுதான் அது. வகுப்பில் இதை யாரும் நமக்குக் கேள்வியாகக் கேட்டதில்லை. ஆனால் வாழ்க்கையில் எல்லோரும் எழுதிய பரீட்சை.

என் ஊர் கனகசெட்டிக்குளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டைத் தாண்டி, புதுச்சேரி மண் முடிகிற இடத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இன்று பேருந்தில் அரைமணி. நான் பையனாக இருந்தபோது அது ஒரு பயணம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பூமி ஒரே துண்டாக இருந்ததில்லை அல்லவா? முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது சென்னை மாகாணம். பொம்மையார்பாளையமும் அப்படியே. அதற்கப்புறம் மறுபடி நம் எல்லை. 1954-க்கு முன் எங்கள் ஆயா தலையில் மீன்கூடையோடு புதுவைக்குப் போனால், ஒரே காலைப்பொழுதில் இரண்டு எல்லை கடக்கவேண்டும். மீனுக்கு அடியில் ஏதாவது மறைத்திருக்கிறாளா என்று சுங்கக்காரன் கூடைக்குள் குச்சியை விட்டுக் குத்திப் பார்ப்பானாம். "அவன் குத்தின மீனை எவன்டா வாங்குவான்?" என்று ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த ஊரில் ஒரு பையன் எப்போது ஆள் ஆகிறான் என்பதற்குத் தெளிவான கணக்கு இருந்தது. கட்டுமரம் கரையேறி, மீன் விற்று, பணம் கைக்கு வந்ததும் மணலிலேயே பங்கு பிரிப்பார்கள். மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆளுக்கு ஆள். புதிதாகக் கடலுக்குப் போகிற பையனுக்கு அரைப்பங்கு. துடுப்பில் அவன் கை பழகி, காற்றும் நீரோட்டமும் பிடிபட்டு, பெரியவர்களில் ஒருவர் "இனிமே இவனுக்கு முழுசா குடுங்கப்பா" என்று சொல்கிற நாள் வரும். அன்றைக்கு அவன் வீட்டில் அம்மா தட்டில் பெரிய துண்டு மீன் வைப்பாள். முழுப்பங்கு வாங்குகிறவன் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டவேண்டும். அவன் பெயர் வரிப் புத்தகத்தில் ஏறும். அவன் ஒரு தலைக்கட்டு. கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். மாசி மகத்துச் செலவில் அவனுக்கும் ஒரு பாகம் உண்டு. ஊருக்கு ஊர் இந்த வழக்கம் கொஞ்சம் மாறும். எங்கள் ஊரில் நான் கண்டது இது.

என் அண்ணன் 1947-இல் பிறந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்து, 12 வயதில் கடலுக்குப் போனார். 17 வயதில் முழுப்பங்கு. 20 வயதில் கல்யாணம். எந்தக் குழப்பமும் இல்லை. கரையிலிருந்து கடலுக்கும், அரையிலிருந்து முழுசுக்கும் ஒரு நேர்கோடு. அவரை யாரும் "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அதில் ஒரு நிம்மதி உண்டு என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். அதில் ஒரு அநியாயமும் உண்டு என்பதை அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

இனி பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். புதுவையில் பள்ளிக்கூடம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரே வகையாக இருந்ததில்லை. 1826-இல் கவர்னர் தெபசேன் தெ ரிஷ்மோன் தொடங்கியதுதான் பிற்காலத்தில் கொலேஜ் கொலோனியால் என்று வழங்கி, இன்றைக்கு லிசே பிரான்சே என்று நிற்கிறது. அது முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கானது. சாதி இந்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு தனிப் பள்ளி என்று அதே காலத்தில் ஏற்பாடு செய்தார்கள். 1844-இல் பாரிஸ் மிஷன் குருமார்களின் பெத்தி செமினேர் வந்தது. 1870-களில் கலவை சுப்பராய செட்டியார் தம் பொருளைக் கொட்டிக் கட்டிய பள்ளி, பிறகு அரசாங்கத்தின் கைக்குப் போய், கலவைக் கல்லூரி என்று இன்றும் மிஷன் வீதியில் கம்பீரமாக இருக்கிறது. எந்த வாசல் என்பது பாதி சாதியாலும் மதத்தாலும் முடிவாயிற்று, மீதி வீட்டு வசதியால். வாசல் முடிவானால் வாழ்க்கை ஏறக்குறைய முடிவான மாதிரிதான்.

பிரெஞ்சு வழியில் படித்தவனுக்குப் படிகள் எண்ணி வைத்தது போல் இருந்தன. தொடக்கக் கல்வி முடித்தால் செர்த்திபிக்கா. அதற்குமேல் பிரெவே. அதற்கும் மேல் பக்கலோரெயா, அது நூற்றில் ஒருவருக்கு. 1881-இல் வந்த ஆணைப்படி சொந்தச் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. ரெனோன்சான் என்பார்கள். செருப்பணிந்து வாதாடியதற்காக வழக்கைச் சந்தித்த பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' ஆனது அந்த வரிசையில் முதன்மையான கதை. பிரெஞ்சுப் படிப்பும் இந்தக் கையெழுத்தும் சேர்ந்தால் சைகோனுக்குக் கப்பல். அங்கே சுங்கத்திலும் காவலிலும் வரி வசூலிலும் வேலை. இருபது வயதுக்குள் ஒருவன் அரசாங்க உத்தியோகஸ்தனாக, குடும்பத் தலைவனாக ஆகிவிடலாம். விலை, பத்தாயிரம் காதம் தள்ளி வாழ்வது.

தமிழ் வழி ஒன்றும் அடைபட்ட வழி இல்லை என்பதற்கு நம்மிடம் பெரிய சாட்சி இருக்கிறது. பாரதிதாசன் கலவைக் கல்லூரியில் தமிழ் படித்து, 1909-இல், 18 வயதில், காரைக்கால் பக்கத்து நிரவியில் அரசுத் தமிழாசிரியர் ஆனார். 1946 வரை அதே உத்தியோகம். அவருடைய கவிதையை உலகம் அறியும். நான் கவனிக்கச் சொல்வது அந்த வயதை: பதினெட்டு! தமிழ் படித்தவனுக்கு அன்று அத்தனை சீக்கிரம் ஒரு மேசையும் சம்பளமும் காத்திருந்தது. என் தலைமுறையில் அதே தமிழ் வழிக்காரன் 27 வயதுவரை காத்திருந்தான். அந்தக் கதையைச் சொல்லுமுன் என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவின் தம்பி அவர். நகரத்தில், வைத்திக்குப்பத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிக்கா வரை படித்தவர். சரித்திரப் பாடத்தில் தம் முன்னோர்கள் கோல் நாட்டு வீரர்கள் என்று ஒப்பித்ததாகச் சொல்லிவிட்டு, "எங்க அப்பன் கோல் போட்டது கட்டுமரத்துலதான்டா" என்று அவரே சிரிப்பார். 1947-இல், 18 வயதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. செர்த்திபிக்கா இருந்ததால் கொஞ்சம் கணக்கெழுதும் வேலை, கொஞ்சம் சீக்கிரம் பதவி உயர்வு. எழுதப் படிக்கத் தெரியாமல் அவரோடு கப்பலேறியவர்கள் பதினைந்து வருடமும் துப்பாக்கியோடே கழித்தார்கள். ஆறு வருடப் பள்ளிப்படிப்பு போர்முனையில் ஒருவனைப் பின்வரிசையில் நிறுத்தும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1962-இல் பென்ஷனோடு திரும்பினார். அன்று முதல் ஊருக்கு அவர் 'சொல்தா மாமா'.

அதே 1962, ஆகஸ்ட் 16. நாம் எல்லோரும் சட்டப்படி இந்தியரான நாள். கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தது 1954 அக்டோபரில், ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-இல், நடைமுறைக்கு வந்தது இந்த நாளில். இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணமாகாத, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட்ட கையெழுத்தே முடிவு.

மாமா போட்டார். அவர் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்து. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே சிலேட்டுக் குச்சியை ஒடித்துப் பங்கிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். மறு வருடம் அவன் நகரத்தில் பிரெஞ்சு வழிக்குப் போனான். ஒப்பந்தத்தின்படி அந்தப் பள்ளி பிரெஞ்சு அரசின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. நானும் நகரத்துக்குத்தான் போனேன், தமிழ் வழி அரசுப் பள்ளிக்கு. வார நாட்களில் வைத்திக்குப்பத்தில் அதே உறவுக்காரர் வீட்டில் தங்கல். என் நோட்டுப் புத்தகத்துக்கும் மாவு டப்பாவுக்கும் காசு அண்ணனின் அரைப்பங்கிலிருந்து வந்தது. ஒரே திண்ணையில் படுத்துத் தூங்கிய இரண்டு பையன்களுக்கு, ஒருவனுடைய வாழ்க்கை பாரிஸ் கடிகாரத்திலும் ஒருவனுடையது சென்னைப் பல்கலைக்கழகக் கடிகாரத்திலும் ஓட ஆரம்பித்தது.

அவன் பிரெவே வரை வந்தான். பக்கலோரெயா தேறவில்லை. ஆனாலும் அவனுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது, பிரான்சின் கட்டாய ராணுவச் சேவை. அந்த நாளில் லிசே பிள்ளைகள் பலருக்குப் பிரான்ஸ் போகிற வழியே அதுதான். (1997-இல் சட்டம் மாறி அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. கதவும் சாத்திக்கொண்டது.) 19 வயதில் போனான். சேவை முடிந்ததும் பாரிசின் புறநகரில் தபால் இலாகாவில் வேலை. 25 வயதில் ஊருக்கு வந்து பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு, மூன்று வாரத்தில் திரும்பிப் போனான். ஊரே அவனைப் பெரிய மனுஷனாகப் பார்த்தது. என்னிடம் தனியே ஒன்று சொன்னான். பட்டாளத்தில் முதல் பொங்கல் அன்று உணவுக்கூடத்தில் ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்தானாம். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லையாம். பக்கத்திலிருந்தவன் உடம்பு சரியில்லையா என்று கேட்க, பொங்கல் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆமாம், வயிற்று வலி" என்று சொல்லிவிட்டானாம். இத்தனை வருடம் பிரெஞ்சு படித்தவனுக்கு!

இப்போது என் கதை. 1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் ஊரில் அது அப்போது ஒரு செய்தி. பி.யூ.சி., பிறகு நம் கல்லூரியில் பி.ஏ. புதுவையில் 1961-இல் தாகூர் கலைக் கல்லூரி வந்திராவிட்டால் எங்கள் கரைப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு என்பது சென்னைக்கோ சிதம்பரத்துக்கோ போகும் சமாசாரம். போயிருக்கமாட்டோம். அதை மறக்கக்கூடாது.

ஆனால் பதினொரு வருடம் தமிழில் படித்தவனுக்கு ஆங்கிலத்தில் பாடம். தொழிற்புரட்சி எனக்கு மனப்பாடம். 'இண்டஸ்ட்ரியல் ரெவல்யூஷன்' என்று கேட்டபோது அது ஏதோ வேறு நாட்டில் நடந்த வேறு கலகம் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் இப்படித்தான் இருந்தீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் கான்வென்ட்டில் ஆங்கில வழியில் படித்தவர். அவர் நோட்டைக் கொடுத்து, சொல்லுக்குச் சொல் பொருள் எழுதித் தந்திராவிட்டால் இந்த மலரில் என் பெயர் இருந்திருக்காது. இந்தப் பக்கத்தைப் படித்தால் அவருக்குத் தெரியும்.

1973-இல் பட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. அதன் பிறகு ஆறு வருடம் நான் என்னவாக இருந்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. கடலுக்குப் போகப் பழகவில்லை. போனாலும் "வேணாம்பா, நீ படிச்சவன்" என்று இறக்கிவிடுவார்கள். மனு எழுதிக் கொடுப்பேன். மீன் ஏலக் கணக்கைக் கூட்டிக் கொடுப்பேன். எல்லோரும் 'சார்' என்றார்கள். ஒருவரும் பங்கு கொடுக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் நேர்முகத்துக்குப் போனேன், அதன் பெயர் வேண்டாம். கீழூர் வாக்கெடுப்பு பற்றித்தான் கேட்டார்கள், ஆங்கிலத்தில். விரல் நுனியில் விடை. வாய் திறக்கவில்லை. கேள்வி புரிந்தது என்று காட்டத் தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே வந்து கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடந்து, அந்தக் கல் தூண்களுக்குத் தமிழில் முழு விடையையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வருடம்தான், 1973 கடைசியில், ஊர்க்கூட்டத்தில் என் விஷயம் வந்தது. கோயில் முன் மணலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வரிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "இவனை எழுதறதா வேணாமா? இருபத்தோரு வயசு ஆவுது" என்றார்.

"கடலுக்கு வரலியே."

"சம்பளம் வருதா?"

"இல்ல."

"அப்ப இன்னான்னு எழுதறது? ஆளா, பையனா?"

யாரும் கேலியாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே கணக்கு இடித்தது. 21 வயதில் பாதியும் இல்லாமல் முழுசும் இல்லாமல் ஒருவன் இருப்பான் என்பது அந்தப் புத்தகத்துக்குப் புதிது. நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு பல வருடம் எந்த ஊர்க்கூட்டத்துக்கும் நான் போகவில்லை. இந்தியாவில் ஓட்டுப் போடும் வயது அப்போது 21, 1989-இல்தான் 18 ஆயிற்று. ஆக, பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் தகுதி எனக்கு வந்துவிட்டது. மாசி மகத்துக்கு எத்தனை ரூபாய்க்கு வாணம் வாங்குவது என்று சொல்லும் தகுதி வரவில்லை.

1979-இல் அரசுத் துறை ஒன்றில் எல்.டி.சி. வேலை கிடைத்தது. 29 வயதில் கல்யாணம். அண்ணனுக்கு அதற்குள் மூன்று பிள்ளைகள்.

இது நம்மூர் விசித்திரம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு, பத்து வயதுப் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1944 சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதில் ஒரு பரீட்சை வைத்துப் பிரித்தார்கள். அது சரியா தவறா என்று அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் ஜெர்மனியில் தொழிற்கல்விப் பக்கம் போகிற பையனுக்குப் பட்டறையில் பயிற்சி, பள்ளியில் பாடம், கையில் உதவித்தொகை, கடைசியில் ஒரு தொழிலுக்கான சான்று என்று எல்லாம் கோத்து வைத்திருக்கிறார்கள். பிரிப்பதும் உண்டு, பிரித்த பாதை எங்கேயாவது போய்ச் சேர்வதும் உண்டு. நம்மிடம் பிரிப்பது மட்டும் இருந்தது. தமிழ் வழி, ஆங்கில வழி, பிரெஞ்சு வழி என்று மூன்று சாலை போட்டவர்கள், ஒரு சாலையின் கடைசியில் மட்டும் வரிசையில் நில் என்று பலகை வைத்துவிட்டார்கள். என் கருத்து இது. மறுப்பவர்கள் விழா மேடைக்குக் கீழே காபி நேரத்தில் என்னைப் பிடிக்கலாம்.

என் தங்கையைப் பற்றி எழுதாமல் இதை முடித்தால் அவள் பேசமாட்டாள். ஆண்பிள்ளை ஆள் ஆவது பங்கால். பெண்பிள்ளைக்கு ஊர் வைத்திருந்த சொல்லே வேறு: 'பெரியவளாயிட்டா'. அது எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்கிற சான்றிதழ் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற சான்றிதழ். 1968-இல், 13 வயதில், அவள் நின்றாள். மேல்வகுப்பு இருந்த இடம் தூரம், பஸ் இல்லை, துணை இல்லை. அதே 1968-இல்தான் புதுவையில் மகளிருக்கென்று அரசுக் கல்லூரி தொடங்கினார்கள். பிறகு பாரதிதாசன் பெயர் தாங்கியது அது. பதினைந்து கிலோமீட்டரில் ஒரு கல்லூரி திறக்கிறது, இங்கே ஒரு பெண் புத்தகத்தை மூடிப் பரணில் வைக்கிறாள். அண்ணனைப் போல அவளுக்கும் நேர்கோடுதான். ஆனால் அவள் அதை நேர்கோடு என்று சொல்வதில்லை. "என்னைக் கேக்கவே இல்ல" என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அவள் மகள் காலாப்பட்டு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, அம்மா பரணில் புத்தகம் வைத்த வருடத்தில் தொடங்கிய அதே கல்லூரியில் பி.எஸ்.சி. படித்து, இப்போது ஆசிரியை. நடுவில் நடந்தவை தெரிந்ததே. 1978-இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. 1984-இல் பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி, 1985-இல் காலாப்பட்டில் பல்கலைக்கழகம். 90-களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை. உயர்கல்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வாசலில் வந்து நின்றதா, உள்ளே வந்ததா என்பது அந்தந்த வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புவரை எந்த வழியில் படித்தது என்பதைப் பொறுத்தது. ஊரில் மஞ்சள் நிறப் பள்ளி வேன் வர ஆரம்பித்ததும் அப்போதுதான். பைபர் படகு வாங்கக் கடன், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் கடன். இரண்டுக்கும் ஒரே வட்டிக்காரர்.

இப்போது அரசாங்கமே பள்ளி வகையைக் கணக்கில் எடுக்கிறது. நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவப் படிப்பிலிருந்து ஏறக்குறைய காணாமல் போகவே, தமிழ்நாட்டில் 2020-இல் 7.5 சதவீதமும், புதுச்சேரியில் 2023-இல் 10 சதவீதமும் அவர்களுக்கு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் எந்தப் பள்ளிக்கூடம் என்பதே சாதிச் சான்றிதழ் போல ஒரு காகிதமாகிவிட்டது பாருங்கள். அதே 2023-24-இல் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. என் தங்கை மகள் இப்போது பழகிய பாடத்தைப் புதிய புத்தகத்தில் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவளிடம் கேட்டால் ஒரு தனிக்கட்டுரையே சொல்வாள்.

2004 டிசம்பர் 26-ஐ எங்கள் கரையில் யாரும் மறக்கமுடியாது. அண்ணனின் படகு, வலை, இயந்திரம் எல்லாம் போயிற்று. உயிர் மிஞ்சியது. நான் அப்போது நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். ஜனவரியில் ஊரில் நிவாரணம் பங்கிட்டார்கள், தலைக்கட்டுக் கணக்கில். அண்ணனுக்குத் துணையாக நானும் போய் மணலில் நின்றிருந்தேன். பட்டியலைப் படித்தவர் அண்ணன் பெயரைச் சொன்னார். அடுத்து என் பெயரைச் சொன்னார்.

தவறுதலாக இருக்கும் என்று நினைத்து, "எனக்கு எதுக்குங்க? நான் வரி கட்டினதே இல்லையே" என்றேன்.

அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உங்க அண்ணன் கட்டிக்கினு வராரே, எழுபத்திமூணுலேருந்து" என்றார்.

நான் எழுந்து போன அந்தக் கூட்டத்திலேயே, நான் போனபிறகு, அண்ணன் சொல்லியிருக்கிறார்: "ஆளுன்னே எழுதிக்கோங்க. வரி நான் குடுக்கறேன்." அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம். எனக்கு வேலை கிடைத்த பிறகும் என்னிடம் கேட்கவில்லை. அண்ணிக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஊர் புத்தகத்தில் நான் 21 வயதிலேயே முழு ஆள்!

அந்த நிவாரணத்தை அண்ணன் கையில் கொடுத்தேன். படகுக்கு ஆகட்டும் என்றேன். வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது உன் பங்கு" என்றார். கடைசியில் அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்ற மாசி மகத்துக்கு முன் ஊர்க்கூட்டம். இப்போதெல்லாம் நான் தவறாமல் போகிறேன். அண்ணனின் பேரன் விஷயம் வந்தது. வயது 23. ஆங்கில வழிப் பள்ளி, பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமோ. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை. மூன்று மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. விடுமுறை நாளில் அப்பனோடு கடலுக்குப் போகிறான், அங்கே அரைப்பங்கு. பையன் கைபேசியைப் பார்த்தபடி ஓரமாக நின்றிருந்தான். கணக்கு எழுதுகிறவர், என் காலத்துப் பெரியவரின் மகன், பேனாவை மூடாமல் கேட்டார்: "கம்பெனியிலயும் பெர்மனென்ட் இல்ல, கடல்லயும் முழுப்பங்கு இல்ல. இவனை எப்படிப்பா எழுதறது?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான், "ஆளுன்னு எழுதுங்க, வரி என்னுது" என்றேன். பையன் நிமிர்ந்து, "சின்னத் தாத்தா, நீங்க சும்மா இருங்க. எவ்ளோன்னு சொல்லுங்க, நான் ஜீபே போட்டுடறேன்" என்றான். புத்தகத்தில் அதற்கு எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று வாதம் கிளம்பியது. நான் புறப்படும்வரை முடியவில்லை. கடைசிப் பஸ் ஒன்பதரைக்கு.